பூச்சி மேல் பழி போடாதீர்கள்

கணியம்பாடி பக்கம் எங்கள் மாமா ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் தைல மரக் கன்று வைத்தார். இரண்டாம் வருடம் இலைக்காம்பு, நடு நரம்பு எல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. கொழுந்து கோணி வளர்ச்சி நின்றுவிட்டது. "எந்த நாட்டுப் பூச்சியோ வந்து என் பொழப்பைக் கெடுத்துடுச்சு" என்கிறார்.

மன்னிக்கணும் மாமா. மரம் மட்டும் எந்த நாடு?

இரண்டுக்குமே சொந்த ஊர் ஆஸ்திரேலியா. பூச்சியின் பெயர் லெப்டோசைப் இன்வேசா. ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் குளவி. 2000-ல் மத்திய கிழக்கில் கண்ணில் பட்டது. 2004-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. ஆண் துணை இல்லாமலே பெண் குளவி இனம் பெருக்கும். புழு முடிச்சுக்குள் பத்திரமாக இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. ஆனாலும் நாம் தெளிக்கிறோம்!

என் கோபம் குளவி மேல் இல்லை. ஒரே தாய் மரத்தில் கிளை வெட்டி வேர் பிடிக்க வைத்த குளோன் கன்றுகளை ஊர் ஊராகக் கொடுத்தவர்கள் மேல். ஒரு கன்றுக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் பக்கத்துக் கன்றுக்கும் இருக்காது. வரிசையாக இலை போட்டுப் பந்தி விரித்துவிட்டு, சாப்பிட வந்தவனைத் திருடன் என்றால் எப்படி?

இது முதல் தடவையும் இல்லை. அதிசய மரம் என்று கொண்டாடிய சவுண்டலை 1988-ல் அதன் தாயகமான அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி ஒன்று தேடி வந்து மொட்டையடித்தது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி. மல்பெரி, மரவள்ளியையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

"அப்போ தைல மரத்துக்கும் ஒட்டுண்ணி விட்டால் சரியாகிடுமே?" என்பீர்கள். குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி என்று ஒன்று இருக்கிறது, உதவவும் செய்கிறது. ஆனால் தீயணைப்பு வண்டி இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் வைக்கோல் போர் போடுவோமா?

மாமாவைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத நிலம், கூலிக்கு ஆள் இல்லை, அவர் வேறென்ன வைப்பார்? வரும் மழைக்கு மறுபடி நடப்போகிறார். பண்ணையில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன்: "இதுல எத்தனை ரகம் கலந்திருக்கு?"

ஒன்றுதான் என்றால், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துடுங்க மாமா.