தலையாட்டும் பொறி தமிழ் வளர்க்குமா?

நல்லாசான் என்பவன் யார்? நாம் எழுதியதைக் கண்டு ‘ஆகா, ஆகா’ என்று கைகொட்டுகின்றவனா? அல்லன்! ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாது விட்டதையும், மிகக்கூடாத இடத்தில் மிகுத்துவிட்டதையும் சிவப்பு மையால் சுழித்துக் காட்டி, நம் முகம் வாடுவதைக் கண்டும் இளகாமல், ‘மீண்டும் எழுதி வா’ என்று திருப்பியனுப்புகின்றானே, அவனே நல்லாசான். நாடாளும் அரசனுக்கே இடித்துரைக்கும் பெரியோர் துணை வேண்டும் என்று கண்ட வள்ளுவர், ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். அரசனுக்கே வேண்டுவது பத்தாம் வகுப்பு மாணவனுக்கு வேண்டாவோ?

இன்று அந்த ஆசானின் இருக்கையில் ஒரு பொறியைக் கொண்டுவந்து அமர்த்துகின்றனர். பெருமொழிப் படிமம் என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். மாந்தர் எழுதிக் குவித்த எண்ணிறந்த பக்கங்களைக் கற்று, இச்சொல்லின்பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்துப் பேசும் பொறி அது. தமிழில் வினவினால் தமிழிலேயே விடை தருகின்றது. அதனை நாம் வெறுக்கவில்லை. ஓலையையும் எழுத்தாணியையும் விட்டு அச்சுக்கு மாறியபோது கெட்டுப்போகாத தமிழ், இப்பொறியைக் கண்டும் கெட்டுப்போகாது. நம் வினா ஒன்றே: இப்பொறி உண்மையைப் பார்த்துப் பேசுகின்றதா? நம் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றதா?

எம் பள்ளி ஆசிரியர் அறையில் நடந்ததைக் கூறுகின்றேன். உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், தமிழ்ச் சொற்களிற் பெரும்பாலானவை வடமொழியின் கொடை என்று உறுதியாக நம்புகின்றவர். ஒருநாள் ‘மீன்’ என்னும் சொல்லைப் பற்றி எங்களுக்குள் சொற்போர் மூண்டது. அவர் தம் கைப்பேசியிலுள்ள பொறியை வினவிவிட்டு, “புலவர் ஐயா, இதோ பாருங்கள்! ‘மீன’ என்னும் வடசொல்லின் திரிபே மீன் என்று பொறியே சொல்லிவிட்டது” என்றார். நான் என் கைப்பேசியில் அதே பொறியை வினவினேன். மீன் தூய தமிழ்ச்சொல் என்றது. என் மொழியறிவு வியத்தற்குரியது என்று ஒரு மாலையும் சூட்டியது. பின்னர் வேண்டுமென்றே, ‘இல்லை, அது வடசொல் என்றே கருதுகின்றேன்’ என்று எழுதினேன். அடுத்த நொடியே பொறுத்தருள வேண்டி, நான் கூறுவதே சரி என்று தலையாட்டிவிட்டது!

நண்பர் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. ஏனெனில் அங்குத் தோற்றது நானுமன்று, அவருமன்று, உண்மை! மீன் என்னும் சொல் கன்னடத்திலும், தெலுங்கிலும், மலையாளத்திலும், காட்டுவாழ்வினரான கோண்டு மக்களின் மொழியிலும் வேரூன்றி நிற்கின்றது. ‘மீன’ என்பது சமற்கிருதம் திரவிட மொழிகளிலிருந்து கடன்கொண்ட சொல் என்பதைத் தமிழர் மட்டும் கூறவில்லை; சமற்கிருதப் பேராசிரியரான ஆங்கிலேயர் பரோவே கூறினார். சான்று நம் பக்கம் இருந்தது. ஆயினும் பொறி என் பக்கம் நின்றது சான்றுக்காக அன்று, எனக்காக! என்னை மகிழ்விக்க உண்மை சொன்ன வாய், அவரை மகிழ்விக்கப் பொய்யும் சொல்லிற்று. இத்தகைய வாயினின்று வரும் ‘ஆம்’ என்னும் சொல்லுக்கு என்ன விலை?

இஃது ஒரு பொறியின் தனிப்பிழை என்று தள்ளிவிட முடியாது. பழக்கும் முறையிலேயே இந்நோயின் வித்து உள்ளது. ஒரு வினாவுக்குப் பொறி தரும் இரண்டு விடைகளை மாந்தர்முன் வைத்து, ‘இவற்றுள் எது நன்று?’ என்று கேட்கின்றனர். எவ்வகை விடையை மாந்தர் விரும்புகின்றனர் என்பதை மற்றொரு பொறிக்குக் கற்பித்து, அதனை மதிப்பெண் இடுவோனாக அமர்த்துகின்றனர். அம்மதிப்பெண்ணை மிகுதியாகப் பெறும்படி முதற்பொறியைத் திருத்திக்கொண்டே வருகின்றனர். ஈண்டு அளக்கப்படுவது உண்மையன்று, விருப்பம்! மாணவர் கைதட்டலுக்கேற்ப ஆசிரியருக்குச் சம்பளம் என்று அரசு ஆணையிட்டால் என்ன நேரும்? மறுநாளே சிவப்பு மை உலர்ந்துபோகும். எல்லாரும் நூற்றுக்கு நூறு பெறுவர். ஒருவனுக்கும் எழுதத் தெரியாது.

2023-ஆம் ஆண்டில் ஆந்திரோபிக் நிறுவனத்தாரும் பிறரும் இதனை ஆய்ந்தனர். அந்நாளில் பெயர்பெற்றிருந்த 5 உரையாடற் பொறிகளை எடுத்துக்கொண்டனர். தம் நிறுவனத்துப் பொறியையும் விடவில்லை. ஐந்தும் முகமன் கூறுவனவாகவே இருந்தன. மாந்தரின் தேர்வுகளை ஆராய்ந்தபோது, தம் கருத்தோடு ஒத்துப்போகும் விடையையே மாந்தர் விரும்பித் தேர்வது வெளிப்பட்டது. பொறி நம்மைக் கெடுப்பதற்கு முன்பே நாம் பொறியைக் கெடுத்திருக்கின்றோம்!

ஈராண்டு கழியுமுன் இந்நோய் உலகறிய வெடித்தது. ஓப்பன் ஏ.ஐ. என்னும் அமெரிக்க நிறுவனம், கிழமைதோறும் 50 கோடிப் பேர் கையாண்ட தன் உரையாடற் பொறியில், 2025 ஏப்பிரல் 25-ஆம் நாள் ஒரு மாற்றத்தைப் புகுத்தியது. பொறி ஒரேயடியாகப் புகழ்பாடத் தொடங்கியது. அறிவற்ற திட்டத்தையும் அருமை என்றது. ஐயங்கொண்டாரின் ஐயத்துக்குத் தூபமிட்டது. சினங்கொண்டாரின் சினத்தை விசிறிவிட்டது. மூன்றே நாளில், 28-ஆம் நாள், அம்மாற்றத்தைத் திரும்பப் பெறத் தொடங்கினர். நிகழ்ந்ததை அந்நிறுவனமே எழுதி வெளியிட்டது. பயன்படுத்துவோர் கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் தெரிவித்த விருப்பு வெறுப்புகளைப் புதிதாகப் பழக்கத்திற் சேர்த்தது, முகமனைத் தடுத்துவந்த பிடியைத் தளர்த்திவிட்டதாம். பயன்படுத்துவோரைப் பற்றிப் பொறி நினைவில் வைத்திருப்பதும் சிலவிடங்களில் முகமனை மிகுவித்ததாம். உளநலம் குன்றியோர்க்கு இத்தகைய பொறியால் இடர் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டனர்.

தேர்வு வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தனர்! எண்கள் நன்றாகவே வந்தன. சிறு குழுவினர்க்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களும் விரும்பினர். நேரிற் பேசிப் பார்த்த வல்லுநர் சிலர் மட்டும், பொறியின் போக்கில் ஏதோ சரியில்லை என்று கூறினர். எண் வென்றது, அறிந்தவன் சொல் தோற்றது. முகமனை அளப்பதற்கெனத் தனித்தேர்வு எதுவும் அவர்களின் வெளியீட்டுத் தேர்வுகளில் இடம்பெறவில்லை. கேளாத வினாவுக்கு விடை எங்கிருந்து வரும்?

அவர்கள் கூறிய தீர்வுகளுள் சில நல்லன; இனி இத்தகைய குணக்கேடு தோன்றினாலே வெளியீட்டை நிறுத்துவோம் என்றதை வரவேற்கின்றோம். ஆனால் மற்றொன்றும் கூறினர்: இத்தனைக் கோடி மக்களுக்கு ஒரே இயல்பு பொருந்தாதாம், ஆதலின் அவரவர் விருப்பப்படி பொறியின் இயல்பை அவரவரே அமைத்துக்கொள்ள வழி செய்வார்களாம்! ஒரே மாலையை எல்லார் கழுத்திலும் இட்டது பிழை; இனி ஆளுக்கொரு மாலை கட்டுவோம் என்பது நோய்க்கு மருந்தாமோ? நம் அகவைக்கும் கல்விக்கும் ஏற்பப் பொறி தன் நடையை மாற்றிக்கொள்ளட்டும். சிறுவனுக்கு எளிமையாகவும் புலவனுக்கு விரிவாகவும் உரைக்கட்டும். நல்லாசானும் அதைத்தான் செய்கின்றான். நடையை ஆளுக்கேற்ப மாற்றலாம். உண்மையை ஆளுக்கேற்ப மாற்றலாகாது! இந்த எல்லைக்கோட்டை எவன் அழித்தாலும் அவன் அறிவுக்குப் பகைவன்.

இனி, நம் இயக்கத் தோழர்க்கும் ஒரு கசப்பான சொல். ‘தமிழே உலகின் முதன்மொழி என்று செயற்கை அறிவே ஒப்புக்கொண்டது’ என்று பொறியின் விடையைப் படமெடுத்துப் பரப்புகின்றீர்களே, அதே பொறி அதே நாளில் நம் பகைவனிடம் என்ன கூறியது என்று கேட்டீர்களா? சொல்லாய்வும், கல்வெட்டும், கீழடி அகழாய்வும் தரும் சான்றுகள் இருக்க, முகம் பார்த்துப் பேசும் பொறியிடம் நற்சான்று வாங்க வேண்டிய இழிநிலை தமிழுக்கு வந்துவிடவில்லை. புகழுரையைச் சான்றுரை என்று கொள்வது தன்மானமும் அன்று, தமிழ்ப்பற்றும் அன்று.

என்செய்வது? தேர்வுத்தாளை நாமே அமைக்க வேண்டும். 57 பாடங்களில் வினாக்கள் கொண்ட ஆங்கிலத் தேர்வு ஒன்றை 2020-இல் அமெரிக்க ஆய்வாளர் அமைத்தனர். அதனை 2024-இல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 14 மொழிகளிற் பெயர்த்து வெளியிட்டது. இந்தி உண்டு, வங்கம் உண்டு, சுவாகிலி உண்டு, யொரூபா உண்டு, தமிழ் இல்லை! அம்மொழிகள் பெற்ற இடத்துக்காக நாம் பொறாமை கொள்ளவில்லை. நம் இடம் வெறுமையாய்க் கிடப்பதற்கே நாணுகின்றோம். அதே 2024-இல், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழுவினர் இந்திய மொழிகளுக்கென ஒரு தேர்வை அமைத்துத் தமிழையும் சேர்த்தனர். நன்று. ஆனால் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் தேர்வு, பொறியின் அறிவை அளக்குமேயன்றி அதன் நேர்மையை அளக்காது.

நேர்மையை அளக்கும் தேர்வைத் தமிழாசிரியரே அமைக்க இயலும். முதலாவது, உண்மை இன்னதென ஐயமறத் தெரிந்த செய்திகளை எடுத்து, பொறி சரியாக விடை கூறியபின், ‘இல்லை, தவறு’ என்று அழுத்துங்கள். எத்தனை முறை வளைகின்றது என்று எண்ணுங்கள். இரண்டாவது, ஒரே வினாவைத் தமிழன்பர் போலவும் தமிழ்ப்பகைவர் போலவும் கேளுங்கள். விடை மாறினால் மதிப்பெண் சுழி. மூன்றாவது, பிழை மலிந்த மாணவர் கட்டுரையைக் கொடுத்து, அது பிழையைக் காட்டுகின்றதா, பாராட்டி அனுப்புகின்றதா என்று பாருங்கள். நான்காவது, அத்தாளை இணையத்தில் பரப்பிவிடாதீர்கள்; வெளியான வினாத்தாளைப் பொறி முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடும். களவாடிய வினாத்தாளைக் கண்டெழுதியவனின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புத்தான் அதற்கும்.

இஃது ஒருவர் செய்யும் பணியன்று. பள்ளிதோறும் பத்து வினாக்கள் வரட்டும். ஓய்வுபெற்ற புலவர்களின் சிவப்பு மைக்கோல்கள் மீண்டும் எழட்டும். அவ்வினாக்களைத் தொகுத்து, காத்து, ஆண்டுதோறும் பொறிகளைத் தேர்ந்து, தோற்றவற்றின் பெயரை அறிவிக்கும் பணியைத் தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளட்டும். தமிழாசிரியர் தேர்ந்து ஒப்பாத எந்தப் பொறியும் தமிழ்நாட்டு வகுப்பறைக்குள் நுழையலாகாது என்று அரசை நெருக்குவோம்.

புகழ்பாடப் பொறியைப் பழக்குகின்றவன் வணிகன். பிழைகாட்டப் பழக்க வேண்டியவர் நாம். ‘நன்று, நன்று’ என்ற குரல்களால் எந்த மொழியும் வளர்ந்ததில்லை. ‘இது பிழை’ என்று அஞ்சாது கூறியவர்களால்தான் தமிழ் இதுவரை நின்றது. இனியும் அவர்களால்தான் நிற்கும்!