நான் வந்திருந்தேன்

வந்திருந்தேன். ஐப்பசியில் அந்த மூன்று நாளும் நான் வேலைக்கு வந்திருந்தேன். குரும்பபாளையத்தில் விடியும் முன்னே பஸ் ஏறி, சரவணம்பட்டியில் இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த சத்தி ரோட்டைத் தாண்டி, பின்வாசல் வழியாக நுழைந்து ஆறே கால் மணிக்குத் துடைப்பத்தைக் கையில் எடுத்தேன். நான்காம் மாடியில் எண்பத்திரண்டு மேசைகளைத் துடைத்தேன். ஆறு கழிப்பறைகளைக் கழுவினேன். மூன்று நாளும் இதே வேலை. மாதம் முடிந்து சம்பளச் சீட்டு வந்தபோது அந்த மூன்று நாளைக் காணோம்.

"சிஸ்டத்துல நீங்க வரவே இல்லீங்க்கா" என்றான் சூப்பர்வைசர் தம்பி. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். அவன் நீட்டிய தாளில் என் பெயருக்கு எதிரே ஒரு வரி இருந்தது: பொய் வருகைக்கு முயற்சி, வேறு ஃபோன். நான் பிளஸ் டூ படித்தவள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நாற்பத்து நான்கு வயதில் முதன்முறையாக என்னைத் திருட்டுக் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை பின்வாசலில் ஒரு நோட்டு இருக்கும். கையெழுத்துப் போட்டால் வந்ததாகக் கணக்கு. பிறகு ஃபோனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார்கள். கட்டடத்தின் வைஃபையில் சேர்ந்த ஃபோனிலிருந்து போட்டால்தான் அந்த ஆப் வருகையை ஏற்கும். அதுவும் தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில், எங்கள் சாமான் அறைக்கு எதிரே மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியின் வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். வரவேற்புக் கூடத்தில் நின்று போட முடியாது. அந்த வாசல் எங்களுக்குக் கிடையாது.

கம்பெனி ஆட்களுக்கு ஒரு வைஃபை இருக்கிறது. ஒருமுறை பதிந்துவிட்டால் போதும், உள்ளே வந்ததும் ஃபோன் தானாகச் சேர்ந்துகொள்ளும். காண்டிராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது. நாங்கள் சேர வேண்டியதற்குப் பெயர் 'கெஸ்ட்'. ஆறு வருசமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறேன். எந்த மேசையில் யார் மாத்திரை டப்பா வைத்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளை ராத்திரி வேலை முடிந்து அழுதுவிட்டுப் போனாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அங்கே நான் விருந்தாளி. எங்கள் ஊரில் விருந்தாளி வாசலுக்கு வந்தால் "வாங்க" என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்த பிறகுதான் என்ன ஏது என்று கேட்போம். இங்கே முதலில் பெயரைக் கேட்கிறது, நம்பரைக் கேட்கிறது, மெயில் ஐ.டி. கேட்கிறது. பிறகு இங்கிலீசில் இரண்டு பக்கத்துக்குப் பொடி எழுத்து. அதன் அடியில் 'சம்மதம்' என்று ஒரு கட்டம். எதற்குச் சம்மதித்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. டிக் போடாவிட்டால் சம்பளம் இல்லை. இதற்குப் பெயர் சம்மதமா? 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படிக் கேட்கும் அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படித்துக்கொள்ள வழி தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சரவணம்பட்டியில், தமிழச்சி துடைக்கிற கட்டடத்தில், அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்து இல்லை.

அந்தப் பக்கமாவது ஒழுங்காகத் திறக்கிறதா? வைஃபையில் சேர்ந்ததும் ஃபோன் ரகசியமாக வெளியே ஒரு சின்ன விசாரணை அனுப்புமாம். எதிர்பார்த்த பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். வேறு ஏதாவது வந்தால் வழியில் யாரோ மறிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, 'உள்நுழைக' என்று மேலே காட்டும். என் ஃபோன் சில நாள் காட்டும், சில நாள் காட்டாது. இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று அதுவே முடிவு செய்து கழன்றுகொள்ளும். மணி ஆறு இருபது ஆகியிருக்கும். ஆறரைக்கு மேல் போட்டால் அரை நாள் போச்சு.

பக்கம் திறந்தது என்றே வையுங்கள். நம்பரைத் தட்டினால் ஓ.டி.பி. வரும் என்கிறது. எங்கே வரும்? இரண்டு தளம் மண்ணுக்குள் இருக்கிறேன். அங்கே எந்த டவரும் எடுக்காது. ஃபோனைத் தூக்கிக்கொண்டு கார்கள் ஏறும் சாய்தளத்தில் ஓட வேண்டும். மேலே போனதும் குறுஞ்செய்தி வரும், வைஃபை அறுந்துவிடும். ஆறு எண்களையும் முணுமுணுத்துக்கொண்டே கீழே ஓடி வருவேன். மூன்று நிமிடம்தான் அதற்கு ஆயுள். பக்கம் மறுபடி முதலிலிருந்து நம்பரைக் கேட்கும். ஒரு நாள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடினேன். கை பினாயில் ஈரத்தில் இருந்தது. கீழே வருவதற்குள் நான்கு எண்கள்தான் மிஞ்சின. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அந்தக் கையையே பார்த்தேன். என்னோடு வேலை செய்கிற அக்காவுக்கு முழங்கால் வலி, ஐம்பத்தெட்டு வயது. அவருக்காகவும் நான்தான் ஓடுகிறேன். இதைத்தான் அவர்கள் பொய் வருகை என்றார்களோ என்று முதலில் நினைத்தேன். அது இல்லை, வேறு.

'இலவச வைஃபை' என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஓ.டி.பி. வர வேண்டுமானால் என் சிம்முக்கு உயிர் இருக்க வேண்டும். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் சொல்லி வைத்தாற்போல் ரீசார்ஜ் விலையை ஏற்றின. 28 நாளைக்கு ஒருமுறை காசு போடாவிட்டால் முதலில் நம் பேச்சு போகும், பிறகு வருகிற குறுஞ்செய்தியும் நின்றுவிடும். என் ஒரு நாள் கூலி 450 ரூபாய். அதில் ஏறக்குறைய பாதியை மாதாமாதம் ஃபோனுக்கு ஊற்றுகிறேன். ஃபோனும் என்னுடையது, கரண்டும் என் வீட்டுடையது. அவர்கள் வைக்க வேண்டிய வருகைப் பதிவேட்டை என் காசில் நான் சுமந்து வருகிறேன்.

எதற்குத்தான் இந்த ஓ.டி.பி. என்று நான்காம் மாடித் தம்பி ஒருவரிடம் கேட்டேன். நெட்வொர்க் வேலை பார்க்கிறவர். டீ குடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, அதற்குச் சற்று முன் ஒரு மிரட்டல் மெயில் வந்தது. நவி மும்பையில் பூட்டில்லாமல் திறந்து கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாக யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகு 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, பொது இடத்து வைஃபையை யார் பயன்படுத்தினாலும் அவர் யார் என்று தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஃபோன் நம்பர் கேட்பதும் எண் அனுப்புவதும் அப்படி வந்ததுதான். ரயில்வே ஸ்டேஷனில் கேட்பதும் அதனால்தான் என்றார்.

நியாயம்தான். வழிப்போக்கர் வந்து போகிற இடத்தில் யார் என்று கேட்கட்டும். என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? என் ஆதார் நகல் உங்களிடம் இருக்கிறது. போலீஸ் சரிபார்ப்புச் சான்று இருக்கிறது. கழுத்தில் நீங்கள் கொடுத்த அடையாள அட்டை தொங்குகிறது. குண்டு வைக்கிறவனைத் தேடப் போட்ட வலையில், பினாயில் வாளியோடு நிற்கிறவளைத் தினமும் விடிகாலையில் நிறுத்தி யார் நீ என்று கேட்கிறீர்கள்.

இனி அந்த மூன்று நாளைச் சொல்கிறேன். மழையில் நனைந்து ஃபோன் இருண்டுவிட்டது. சத்தி ரோட்டில் கடையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போல ஆக்கித் தந்தார்கள். அதே ஃபோன், அதே சிம், அதே நம்பர். மறுநாள் காலையில், உங்கள் நம்பரில் ஏற்கெனவே வேறு சாதனம் பதிந்திருக்கிறது என்று சிவப்பில் வந்தது. ஒவ்வொரு ஃபோனுக்கும் வைஃபைக்கென்று ஒரு முகவரி உண்டாம். முன்பெல்லாம் அது பிறவி முகவரி, மாறாது. கடைக்காரனும் விளம்பரக்காரனும் அதை வைத்து ஆளைப் பின்தொடர்கிறார்கள் என்பதால், 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் ஃபோனே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியை உண்டாக்கிக் கொடுக்கிறது. 2020-இல் ஐஃபோனிலும் அப்படியே வந்தது. அழித்துத் துடைத்த ஃபோன் புது முகவரி சொல்லியிருக்கிறது. பெட்டி அதைப் புது ஃபோன் என்று நம்பிவிட்டது. என்னைப் பாதுகாக்க யாரோ கண்டுபிடித்த ஒன்று, என்னைக் கள்ளியாக்கிவிட்டது.

முதல் நாளே சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவன் காண்டிராக்டருக்குச் சொன்னான். காண்டிராக்டர் கட்டட நிர்வாகத்துக்கு மெயில் போட்டாராம். நிர்வாகம் டிக்கெட் போடச் சொன்னது. டிக்கெட் போட கம்பெனி ஐ.டி. வேண்டும். எனக்கு அது கிடையாது. நான்காம் நாள்தான் யாரோ என் பழைய பதிவை நீக்கினார்கள், ஆப் என்னை ஏற்றது. நீக்கியவர்களுக்கு, தவறு பெட்டியில்தான் என்று தெரிந்திருக்கும்தானே? அப்படியும் அந்த மூன்று நாள் திரும்பி வரவில்லை. அந்த வரியும் அழியவில்லை.

2021 மார்ச் 8 உங்களுக்கு நினைவிருக்கிறதா? குறுஞ்செய்திகளை வடிகட்டும் புது விதி அன்றுதான் அமலுக்கு வந்தது. நாடெங்கும் பலருக்கு ஓ.டி.பி. நின்றுபோனது. பணம் அனுப்ப முடியவில்லை, சாமான் வாங்க முடியவில்லை என்று கூச்சல் எழுந்தது. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த விதியை ஏழு நாளைக்கு நிறுத்தி வைத்தது. சரியான முடிவு. எண் வராதவர்களை யாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. விதிதான் தப்பு என்றார்கள். எனக்கு எண் வராதபோது மட்டும் ஏன் நான் தப்பு?

அன்னூர் பக்கத்தில் என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் ஆப்பில்தான் வருகை, காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ என்றார்கள். களை வெட்டி முடித்தவர்கள் போட்டோவுக்காக வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். "நெட்டு கெடைக்கலீன்னா மண்ணு வெட்டுனது பொய்யாகிப் போயிருமா கண்ணு?" என்று அம்மா கேட்டார். அந்த ஆப்பை எதிர்த்து தில்லி ஜந்தர் மந்தரில் அந்த வருசம் பிப்ரவரியில் உட்கார்ந்த தொழிலாளர்கள் நூறு நாள் போராட்டம் அறிவித்தார்கள் என்று படித்தேன். அம்மா கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று அதே கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மில் தொழிலாளி. சங்கு ஊதும் முன் டைம் ஆபீசில் நிற்பார். பித்தளை டோக்கனை எடுத்துக் கொடுக்கும் டைம் கீப்பர் பொல்லாத மனுசன், இரண்டு நிமிடம் தாமதமானாலும் வாயில் வந்தபடி பேசுவாராம். ஆனாலும் எதிரே நின்றவனை அவர் பார்த்தார். நீ வரவில்லை என்று வந்தவன் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியாது. சொன்னால் சங்கத்தில் கேட்பார்கள். 1936-இல், வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கூலி வழங்கல் சட்டமே, வரவில்லை என்று பிடிப்பதானால் வராத நேரத்துக்கு மட்டும்தான், அதுவும் அந்த நேரத்தின் அளவுக்குத்தான் பிடித்தம் செய்யலாம் என்றது. நான் வராத நேரம் எது? காட்டுங்கள். பின்வாசல் கேமராவில் நான் இருக்கிறேன். பார்க்கச் சொன்னேன், அதற்கும் டிக்கெட் போட வேண்டுமாம். வாட்ச்மேன் அண்ணன் மூன்று நாளும் என்னைப் பார்த்து "சாப்டாச்சா அம்மிணி" என்று கேட்டார். சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார். அவர் சொல்வது செல்லாதாம், அவரும் காண்டிராக்ட் ஆள். துடைத்த மேசையில் உட்கார்ந்து அந்த மூன்று நாளும் எண்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்களே, அவர்கள் மேசை தானாகவா துடைத்துக்கொண்டது?

காண்டிராக்டர் நேற்று கூப்பிட்டுவிட்டார். "போனதை விடும்மா, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார். 1,350 ரூபாயைத் தந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வேன் என்றுதான் அவரும் நினைக்கிறார். அந்தப் பணம் எனக்கு வேண்டும், அது என் உழைப்பு, விட மாட்டேன். ஆனால் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வர மாட்டேன். அந்தத் தாளை என் முன்னால் கொண்டு வரட்டும். என் பெயருக்கு எதிரே எழுதிய அந்த வரியைப் பேனாவால் அடிக்கட்டும். அடித்த இடத்தில், எழுதியவர் யாரோ அவர் தேதி போட்டுக் கையெழுத்துப் போடட்டும்.