யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தார்கள்?

இந்த வாரம் தொலைக்காட்சியைத் திறந்தாலே, போர் மூண்டால் எந்த நாடு எந்த நாட்டின் பக்கம் நிற்கும் என்று வரைபடம் போட்டு விளக்குகிறார்கள். ‘அவர்கள் நம்மோடு இருக்கிறார்கள், பயமில்லை’ என்று மார்தட்டுவதைக் கேட்கும்போது வயிறு கலங்குகிறது. முதல் உலகப் போருக்கு முன், 1914 ஜூலையில் ஐரோப்பிய அரசுகளும் இந்தத் தைரியத்தில்தான் இருந்தன.

ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகச் சொல்லி, அதைத் தண்டிக்கத் துடித்தது ஆஸ்திரியா. என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஜூலை 5-ல் அதற்கு வாக்குக் கொடுத்தார் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். மறுநாளே கப்பலேறி நார்வே பக்கம் உல்லாசப் பயணம் போய்விட்டார். மூன்று வாரம்! ஒரு கண்டத்தின் தலையெழுத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போன இந்தப் பொறுப்பின்மையை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

பிரெஞ்சு அதிபர் பொன்காரே ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பும் நேரம் பார்த்து, ஜூலை 23-ல் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது ஆஸ்திரியா. செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யாவும் அதன் கூட்டாளி பிரான்சும் உட்கார்ந்து பேசிவிடக் கூடாது என்ற கணக்கு. 25-ஆம் தேதி மாலை, அநேகமாக எல்லா நிபந்தனைகளுக்கும் செர்பியா இணங்கிவிட்டது. வில்ஹெல்ம் திரும்பியது 27-ல். அந்தப் பதில் அவர் கைக்கு வந்தது 28 காலையில். இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று அந்தத் தாளிலேயே எழுதினார். அன்றே ஆஸ்திரியா போர் அறிவித்தது. நான்கு நாடுகள் கூடிப் பேசலாம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே சொன்னதை ஜெர்மனி அதற்கு முன்பே தட்டிக்கழித்திருந்தது. ஒரே வாரத்தில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாம் களத்தில்.

அந்த கிரே மட்டும் யோக்கியமா? இரு நாட்டுப் படைகளின் ஒத்துழைப்பு பற்றி 1912-ல் பிரெஞ்சுத் தூதரோடு அவர் பரிமாறிக்கொண்ட கடிதம், 1914 ஆகஸ்ட் 3 அன்று அவையில் அவரே வாசிக்கும்வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தெரியாது. மறுநாள் போர். இந்தியாவையோ கேட்கவே இல்லை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்களைக் கடல்கடந்து அனுப்பினார்கள். 70,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் ‘எம்டன்’ சுட்டதில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.

சுதந்திர இந்தியாவிலும் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. இது பற்றி எந்த விவாத மேடையிலும் மூச்சு இல்லை. ராணுவ ஒப்பந்தமோ, வணிக ஒப்பந்தமோ, அவையில் வைத்து விவாதித்த பிறகே கையெழுத்து என்று சட்டம் வர வேண்டும். அதற்கான மசோதாவை எந்தக் கட்சி எம்.பி. கொண்டுவந்தாலும் இந்த இதழ் அவர் பக்கம் நிற்கும்.