இரண்டு ஜீனிக்கும் தண்ணீர் ஆகாது

குதிரை மேல் உட்காருகிறவரை ஜாக்கி என்பார்கள், தெரியும். இங்கிலீஷ்காரர்களின் லாயத்தில் இன்னொரு ஜாக்கியும் உண்டு. குதிரையின் வியர்வை, ரோமத்துக் கொழுப்பு, தூசி, மேலே பூசிய எண்ணெய் எல்லாம் கூட்டணி வைத்து, சேணத்திலும் வாரிலும் மிளகு மிளகாகக் கறுப்பாய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறதே, அந்த அழுக்குக்கும் பெயர் ஜாக்கிதான். பெயர் வைத்தவர் பந்தயத்தில் நிறைய விட்டவராக இருக்கவேண்டும்.

'பள்ளிக்கரணையில் உட்கார்ந்துகொண்டு உனக்கெதுக்கய்யா குதிரை அழுக்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடித் தம்பிக்கு ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை. தொப்பைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். இவன் குதிரையை நடக்க விட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான். ஈ.சி.ஆர். பக்கம் ஞாயிறு தோறும் சவாரி வகுப்பு. அது போதாதென்று பழைய சேணம் ஒன்றை யாரிடமோ சல்லிசாக வாங்கி வந்துவிட்டான். முன்னாள் சொந்தக்காரர் அதைத் துடைக்காமலே வாராவாரம் தேங்காய் எண்ணெய் தடவி வளர்த்திருக்கிறார். இரண்டே ஞாயிறில் தம்பியின் பேன்ட், மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்த்த பேன்ட் மாதிரி ஆகிவிட்டது.

ஃப்ளாட் என்றால் யோசனைக்குப் பஞ்சமா? செகரெட்டரி பெட்ரோல் என்றார். வாட்ச்மேன் வாஷிங் சோடா என்றார். தம்பியின் அம்மா, "பேசாம சுடுதண்ணியில ஊறப் போடுடா" என்றார்.

நல்லவேளை, எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். கிண்டி ரேஸ் கோர்ஸில் முப்பது வருஷம் குதிரை பார்த்தவர். (1974-ல் தமிழ்நாட்டில் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டதும், 1996-ல் சுப்ரீம் கோர்ட் அது சூதாட்டமல்ல, திறமை என்று சொன்னதும் அவருக்கு மனப்பாடம். யாருடைய திறமை என்று கேட்டால் மட்டும் 'குதிரைது' என்பார்.) வந்ததும், "ஜீனி எங்கம்மா?" என்று கேட்டார். அம்மா உள்ளே போய் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தார். அவர்கள் பாஷையில் சேணத்துக்கும் ஜீனி என்று பெயர்.

சுடுதண்ணி யோசனையைக் கேட்டு பெரியவர் சிரித்தார். "தண்ணில போட்டா அந்த ஜீனி கரைஞ்சி பூடும். இந்த ஜீனி காஞ்சதும் வெறச்சிப் பூடும். ரெண்டுக்கும் தண்ணி ஆவாது தம்பி."

முதலில் பக்கிள் எல்லாம் கழற்றி, வார்களைத் தனித்தனியாகப் பிரித்தார். ஸ்பாஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இனிமேல் ஒரு சொட்டு வராது என்கிற வரை பிழிந்தார். பிறகு கிளிசரின் சோப்பின் முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு ஸ்பாஞ்சில் தேய்த்தார். நுரை வரக்கூடாதாம். "நொரை வந்தா தண்ணி சாஸ்தின்னு அர்த்தம்." நாம் விளம்பரத்தில் பார்த்து வளர்ந்த சோப்பு சாஸ்திரத்துக்கு நேர் எதிர்! சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, ஸ்பாஞ்சை அடிக்கடி அலசினார். மசியாத ஜாக்கிகளுக்கு இடுப்பு முடிச்சிலிருந்து ஓர் ஆயுதம் வந்தது. குதிரை வால் முடியைச் சுருட்டிய உருண்டை. தோலில் கீறல் விழாமல் கட்டி மட்டும் உதிர்ந்தது. தம்பி ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். ஒரு முறை பார்த்தார். திருப்பி எடுத்துப் போய்விட்டான்.

தோலுக்கு உள்ளே இறங்கிவிட்ட எண்ணெய்க்கு முல்தானி மிட்டி. ஆமாம் சார், முகத்துக்குப் பூசுவதேதான். ஈரமில்லாமல் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால், சந்தன நிறப் பொடி காப்பிப் பொடி நிறத்தில் வருகிறது. மூன்று ராத்திரி செய்தோம். முழுக்கப் போகாது. கையில் ஒட்டாத பதம் வந்தால் போதும்.

பெட்ரோல் போட்டால் ஒரே நாளில் போயிருக்குமே என்று எனக்கும் தோன்றியது. விஷயம் இதுதான். தோலைப் பதனிடுகிறவர்களே அதற்குள் கொஞ்சம் கொழுப்பை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். நார்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி, தோல் வளைவது அதனால்தான். பெட்ரோலுக்கு அழுக்குக் கொழுப்பு, நல்ல கொழுப்பு என்ற பேதம் தெரியாது. இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் தோல் அப்பளம். தோலுக்கு இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை. வாஷிங் சோடா அதற்கு நேர்ப்பகை. சோப்பிலும் கொஞ்சம் காரம் உண்டு, அதனால்தான் கடைசியில் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள நாம் சீமைக்குப் போகவேண்டாம். பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இருக்கிறது. நாம் அதன் வாசலில் சிக்னலுக்கு நிற்பதோடு சரி. ஆனால் குரோம் தோல் மெத்தென்று ஷூவுக்கு ஏற்றது. சேணத்துக்குப் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல்தான். நம்மூரில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் செய்தார்களே, அந்த ஜாதி. உங்கள் ஆபீஸ் பெல்ட்டுக்கும் வாட்ச் வாருக்கும் கூட இதே வைத்தியம் செல்லும், வால் முடிக்குப் பதில் பழைய டூத் பிரஷ்.

நாலாம் நாள் நிழலில் காய்ந்த வார்களைப் பெரியவர் ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தார். குதிரையின் வயிற்றைச் சுற்றி வரும் வாரை மாட்டுகிற பட்டை இருக்கிறதல்லவா, முழுச் சவாரியும் தொங்குவது அதில்தான். மூன்றாவது துளையருகே மடித்ததும் குறுக்கே வாய் பிளந்தது. இத்தனை நாள் அந்த விரிசலை அடைத்துக்கொண்டிருந்தது அழுக்கு எண்ணெய். இன்னொரு பட்டையில் எண்ணெய் ஊறி ஊறி நூலே இற்றுப்போய், தையல் கையோடு வந்தது.

"இத்த மாட்டிக்கினா ரெண்டு வாட்டி ஓட்னே?"

தம்பி பதில் சொல்லவில்லை. அம்மா காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார். பெரியவர் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, தையல் இற்றதையும் சேர்த்து இரண்டு பட்டைகளையும் குறுக்கே வெட்டினார். ஆசைப்பட்டு மறுபடி யாரும் மாட்டிவிடக் கூடாதாம்.

புதுப் பட்டை தைத்து வந்தாகிவிட்டது. பழைய தோலுக்குப் பக்கத்தில் வெளுப்பாக, ஒட்டுப் போட்ட மாதிரிதான் தெரிகிறது. எண்ணெய் இப்போது மெல்லியதாக ஒரே பூச்சு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால், ஐப்பசி வந்தால் எங்கள் பீரோவில் பெல்ட்டுக்கே பூஞ்சைத் தாடி முளைக்கும். அதனால் சேணத்துக்கு பாலிதீன் உறை கிடையாது, அம்மாவின் பழைய காட்டன் புடவைதான். பெரியவர் மாதம் ஒருமுறை வருகிறார். பட்டையின் துளைகளை மட்டும் மடித்து மடித்துப் பார்த்துவிட்டு, ஜீனி இல்லாமல் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகிறார். சர்க்கரை வியாதியாம்.