ஆளில்லாத டாங்கி

சென்ற மாதம் ஆலங்குடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு சங்க ஆபீசுக்கு வந்தார். அவருடைய மனைவி புதுக்கோட்டை டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அந்த வீட்டுப் பையன் கொஞ்சம் ஒட்டிப் பார்த்துச் சலித்துப்போய் ஒதுக்கிய பெட்டி அது. அந்த அம்மாள் அதைத் தன் மகனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

பெட்டியின் மேலே வர்ணப் படம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ராட்சச டாங்கி பாய்ந்து வருகிறது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், காம்பில் காய் தொங்குவதுபோல் சட்டம் சட்டமாக. அவற்றை வெட்டி, ராவி, பசை வைத்து ஒட்டி, வர்ணம் பூசினால் ஒரு சாண் நீளத்தில் டாங்கி தயார். அசல் வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பெயர் 'டைகர்'. ஹிட்லர் படையின் டாங்கி.

விலைச்சீட்டும் ஒட்டியிருந்தது. நாலாயிரம் ரூபாய்! நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். பன்னிரண்டு நாள் மண் சுமந்தால் இந்தப் பெட்டி ஒன்று வாங்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் உலை வைக்கக் கூடாது!

தோழர் விலையைப் பற்றிப் பேச வரவில்லை. மகன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வந்திருந்தார். "அப்பா, இதுக்குள்ளே யாரு இருந்து ஓட்டுறது? ஆளையே காணோமே?"

பையன் கேட்டது சரியான கேள்வி. இந்தப் பெட்டிகளை விற்கிறவர்களும் வாங்கி அடுக்குகிறவர்களும் கேட்காத கேள்வி. ஆளை எங்கே? நாமும் அதையே கேட்கிறோம்.

செய்தவன் எங்கே?

அப்போது ஆபீசில் ஒரு மில் பிட்டர் தோழர் இருந்தார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசியைவிடச் சிறிய போல்ட் தலைகூட அதில் வரிசை பிசகாமல் இருந்தது. "தோழர், இந்த அச்சை வெட்டினவன் கை லேசுப்பட்ட கை இல்லை" என்றார்.

உண்மை. எஃகுக் கட்டியைக் குடைந்து அச்சு வெட்ட வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்திச் செலுத்த வேண்டும். குளிர்ந்ததும் பிரித்தெடுக்க வேண்டும். அச்சு மயிரிழை தவறினால் துண்டோடு துண்டு பொருந்தாது. இது உயர்ந்த தொழில். ஆனால் பெட்டியில் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அச்சு வெட்டிய தொழிலாளியின் பெயரை எந்த மூலையிலும் காணோம்.

உருவம் சமைக்கும் கலை நம் சீமைக்குப் புதிதா? புதுக்கோட்டைச் சீமையின் ஐயனார் கோயில்களில் வரிசை வரிசையாக மண்குதிரைகள் நிற்கின்றன. எந்தக் குதிரையை எந்த ஊர் வேளார் செய்தார் என்பது ஊருக்கே தெரியும். நாலாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை.

இந்த முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவு எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்தில் மர வியாபாரத்தில் தொடங்கிய டாமியா கம்பெனி, 1960-களின் தொடக்கத்தில் 'பாந்தர்' என்ற ஜெர்மன் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. வண்டியின் வயிற்றில் இரண்டு பாட்டரி அடங்க வேண்டும் என்று பார்த்து அளவு வைத்தார்கள். அதுவே பிறகு உலகம் பூராவும் நிலைத்த அளவாகிவிட்டது. பாட்டரிக்கு இடம் பார்த்தார்கள்; ஆளுக்கு இடம் பார்க்கவில்லை!

செத்தவன் எங்கே?

அசல் டைகர் டாங்கிக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவன், குறிபார்த்துச் சுடுகிறவன், குண்டு அடைக்கிறவன், ஓட்டுகிறவன், வானொலி பார்க்கிறவன். இன்று கடையில் விற்கும் சில பெட்டிகளில் மேல்மூடியைத் திறந்து தலைநீட்டும் அதிகாரி பொம்மை ஒன்று உண்டு. மற்றவர்கள் வேண்டுமானால் தனிப் பெட்டி, தனி விலை. அங்கேயும் அதிகாரிக்குத்தான் முதல் இடம்!

அந்த டைகரைச் செய்தது யார்? ஜெர்மனியில் காஸ்ஸல் நகரத்து ஹென்ஷெல் ஆலையில் அது உருவாயிற்று. ஹிட்லர் பிடித்த நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்ட ஆண்களும் பெண்களும் கட்டாய உழைப்பாளிகளாக அங்கே வாட்டி வதைக்கப்பட்டார்கள். தங்கள் ஊரை நசுக்கப் போகும் ஆயுதத்துக்குத் தாங்களே உழைத்துக் கொடுக்க வேண்டிய கொடுமை! பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரும்பின் கனம் இருக்கிறது, என்ஜினின் குதிரைசக்தி இருக்கிறது, சங்கிலிப் பட்டையின் அகலம் இருக்கிறது. மனிதனின் கண்ணீருக்கு அளவு போடவில்லை.

அந்த டைகரை எதிர்த்து நின்றது சோவியத்தின் டி-34. 1941-ல் கார்கோவ் நகரத்து ஆலையைக் கழற்றி ரயிலில் ஏற்றி, யூரல் மலைப்பக்கம் நிஷ்னி தாகில் ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுவினார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்களும் சிறுவர்களும் லேத்துகளில் நின்றார்கள். கடை அலமாரியில் டைகரும் டி-34-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டும் ஒன்று என்பதுபோல! படையெடுத்து வந்தவனும் வீட்டைக் காத்தவனும் ஒன்றா?

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1965 செப்டம்பர் யுத்தத்தில் பஞ்சாபில் அஸல் உத்தார் என்ற ஊரருகே அமெரிக்கா செய்து பாகிஸ்தானுக்குக் கொடுத்த டாங்கிகள் வந்தன. பெயர் 'பாட்டன்'. பேரப்பிள்ளைகளைக் கொல்ல வந்த பாட்டன்! ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அவற்றை எதிர்த்து நின்று செப்டம்பர் 10-ல் உயிர்விட்டவர் ஹவில்தார் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்துத் தையல் தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளை. பரம்வீர் சக்கரம் அவர் இறந்த பிறகு கிடைத்தது. பாட்டன் டாங்கி இன்றும் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கிறது. அந்தத் தையல்காரர் வீட்டுப் பிள்ளையை எந்தக் கடையில் தேடுவது?

ஆவடியில் நடந்தது என்ன?

டாங்கி செய்கிறவர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. பிறகு அர்ஜுன் வந்தது. எல்லாம் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை பட்டவை. இதே ஆவடியில்தான் 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச மாதிரி சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்த மாதிரியும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை!

2021-ல் மத்திய சர்க்கார் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகக் கூறுபோட முடிவு செய்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. ஜூலை 26 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. சர்க்கார் என்ன செய்தது? ஜூன் 30-ல் அவசரச் சட்டம், ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டம். வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை, தூண்டினால் இரண்டாண்டு வரை சிறை! ஓராண்டு ஆயுள் கொடுத்த சட்டம். அந்த ஓராண்டு அவர்கள் காரியத்துக்குப் போதுமானதாக இருந்தது. அக்டோபர் 1-ல் தொழிற்சாலைகள் கம்பெனிகளாயின.

இது என்ன நியாயம்? டாங்கி செய்கிற தொழிலாளி தன் வேலையைப் பற்றி வாய் திறந்தால் குற்றவாளி. டாங்கிப் பொம்மையை ஒட்டி அலமாரியில் வைத்தவர் தேசபக்தர்!

வெறும் விளையாட்டா?

"ஐயா, குழந்தை விளையாட்டில் அரசியல் எதற்கு? கைத்திறன் வளர்கிறது, பொறுமை வளர்கிறது" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கைத்திறன் வளர்வது மெய்தான். அதை நாம் மறுக்கவில்லை. நாட்டைக் காக்க ஆயுதமே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டில் அரசியலைக் கொண்டுவந்தது நாமா? 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்துதரக் கேட்டது. எதிரி விமானத்தை அடையாளம் காணச் சிப்பாய்களைப் பழக்க அவை பயன்பட்டன. பிள்ளைகளின் கத்தியும் பசையும் அன்றே யுத்த வேலைக்குப் போய்விட்டன.

பொம்மைத் துப்பாக்கி சுடாது. அசல் துப்பாக்கி சுடும். நமது மாவட்டத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30-ல் நார்த்தாமலைப் பக்கத்துத் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குண்டு தளத்தைத் தாண்டிப் பறந்து, ஒரு வீட்டிலிருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அவன் இறந்தான். அங்கே யுத்தமும் இல்லை, எதிரியும் இல்லை. பயிற்சியே ஒரு ஏழைப் பிள்ளையின் உயிரைக் கொண்டுபோயிற்று. இதை மறந்துவிட்டு யுத்தத்தை விளையாட்டென்று நம் வீட்டில் யார் சொல்ல முடியும்?

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளித் தோழர்களே!

பொம்மையைப் பிடுங்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை ஆசையோடு வைத்திருப்பதைப் பிடுங்குவது தகப்பனுக்கு அழகில்லை. பெட்டியில் இல்லாததை நாம் சொல்லிக் கொடுப்போம். இதை வார்த்தவன் ஒரு தொழிலாளி. அசலைச் செய்தவனும் தொழிலாளி. உள்ளே வெந்தவன் ஏழை வீட்டுப் பிள்ளை, சக்கரத்தின் கீழ் நசுங்கியவன் விவசாயி. லாபம் எடுத்தவன் மட்டும் எந்த டாங்கிக்குள்ளும் உட்காரவில்லை.

நம் பிள்ளைகளின் கைகளும் அச்சு வெட்டத் தெரிந்த கைகளே. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் அரமும் உளியும் ரம்பமும் வைத்த ஒரு பட்டறை கேட்போம். பம்புசெட்டும் தறியும் பாலமும் அவர்கள் மாதிரி செய்து பார்க்கட்டும். டவுன் வீட்டில் மிஞ்சியது வந்தால்தான் நம் பிள்ளைக்கு என்ற நிலை ஒழியட்டும்.

அன்று நாம் சொன்னதை அந்தத் தோழர் வீட்டில் போய் மகனுக்குச் சொல்லியிருக்கிறார். பையன் கண்மாய்க் களிமண்ணில் ஐந்து ஆட்களைப் பிடித்து டாங்கியின்மேல் உட்கார வைத்திருக்கிறானாம். "இறங்கி வீட்டுக்குப் போங்க" என்று அவர்களுக்கு உத்தரவும் போட்டானாம்.

அந்த உத்தரவை உலகம் பூராவும் போட வேண்டியது உழைப்பாளி மக்களின் வேலை.