எல்லா கேமுக்கும் ஒரே எடிட்டரா? யோசிங்க பாஸ்!

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடாத ஹாஸ்டல் உண்டா? அதுல நீங்க பதுங்கிப் பதுங்கிச் சுட்ட ‘டஸ்ட்’ மேப்பை 1999-ல் உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டன், அப்போ ஒரு டீன்ஏஜ் பையன். கையில் இருந்தது ஒரு மேப் எடிட்டரும், நிறைய பொறுமையும்தான்!

இதைப் படிச்சதும் ஃபைனல் இயர் மூளைக்குள்ள பல்பு எரியுமே... ‘மச்சி, எல்லா கேமுக்கும் மேப் போடுற மாதிரி நாமளே ஒரு எடிட்டர் எழுதிடுவோம். ப்ராஜெக்ட்டும் ஆச்சு, பேரும் ஆச்சு!’ ஐடியா என்னவோ சூப்பர். ஆனா, இறங்குறதுக்கு முன்னாடி ஆழம் பார்த்துடுங்க.

கோடு போடுறது, ஜூம் பண்றது, கலர் அடிக்கிறது எல்லாம் எப்படியும் பண்ணிடலாம். சிக்கலே வேற. ‘மேப்’ என்ற வார்த்தைக்கு ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு அர்த்தம் வெச்சிருக்கு.

1993-ல் வந்த ‘டூம்’ மேப், வீட்டு பிளான் மாதிரி. கோடுகளால் வளைச்ச ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம். அதனால், ஒரு ரூமுக்கு மேல இன்னொரு ரூம் கட்டவே முடியாது. 1996-ல் ‘குவேக்’. இங்கே உலகம் வெட்டவெளி. கட்டி கட்டியா அடுக்கி சுவரும் தரையும் எழுப்பணும். வெளிப்பக்கம் சின்ன ஓட்டை இருந்தாலும் கம்பைல் பண்ணும்போது ‘லீக்’னு சொல்லி மக்கர் பண்ணும். 1998-ல் வந்த ‘அன்ரியல்’ எல்லாத்தையும் தலைகீழாக்கிடுச்சு. உலகமே ஒரு பாறை. குடைவரைக் கோயில் மாதிரி குடைஞ்சு குடைஞ்சுதான் அறை எடுக்கணும்!

இப்போ சொல்லுங்க... ‘சுவர்’ பட்டனை அமுக்கினா உங்க எடிட்டர் கோடு போடணுமா, கட்டி அடுக்கணுமா, பாறையைக் குடையணுமா?

அப்போ யாருமே ஜெயிக்கலையா? ஜெயிச்சாங்க, ரெண்டு வழியில். ‘குவார்க்’ என்ற எடிட்டர் குவேக்கில் ஆரம்பிச்சு, குவேக் 2, ஹாஃப் லைஃப் என்று ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டது. அதெல்லாம் ஒரே என்ஜின் பரம்பரையில் வந்த பங்காளிகள் என்பதால் வேலை எளிதாச்சு. இன்னொண்ணு, 2டி கேம்களுக்கான இலவச எடிட்டர் ‘டைல்டு’. இந்தக் கட்டம் தண்ணியா, நெருப்பா, மிதிச்சா உயிர் போகுமான்னு அது கவலைப்படுறதே இல்லை. ‘நீயே ஒரு குறிப்பு எழுதி வெச்சுக்கோ, அர்த்தத்தை உன் கேம் பார்த்துக்கும்’னு ஒதுங்கிடும். அதனாலதான் எத்தனையோ கேம்களோட ஒத்துப்போகுது.

ஆக, ஒண்ணு... ஒரே குடும்பத்துக்குள்ள இருங்க. இல்லேன்னா, அர்த்தத்தைக் கேம்கிட்ட விட்டுடுங்க. ரெண்டையும் ஒரே செமஸ்டரில் பிடிக்கப் போனா ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்தான்!

இனி உங்க ஹோம்வொர்க். முதல்ல ஒரே ஒரு கேமை எடுங்க. எதிரி, கதவு, துப்பாக்கி போன்ற கேம் சமாசாரங்களை கோடுக்குள்ள எழுதாம தனி ஃபைலில் வைங்க. டஸ்ட் காலத்து ‘வேர்ல்ட்கிராஃப்ட்’ எடிட்டர் செஞ்சதும் அதையேதான். அடுத்து, ஒரு மேப்பைத் திறந்து, எதையும் தொடாம அப்படியே சேவ் பண்ணிப் பாருங்க. ஏதாவது காணாமப் போச்சா? அப்போ உங்க எடிட்டர் தனக்குப் புரியாததைத் தூக்கி எறியுதுன்னு அர்த்தம். இன்னொருத்தர் ராத்திரி கண் முழிச்சுப் போட்ட மேப்பைச் சிதைக்கிற எடிட்டரை யாரும் ரெண்டாவது தடவை திறக்க மாட்டாங்க.

இது ரெண்டும் தேறினதும் அடுத்த கேமைச் சேருங்க. அதுக்காக மொத்த கோடையும் பிரிச்சு மேய வேண்டியிருந்தா, அஸ்திவாரத்துலயே கோளாறு. அது வைவாவுக்கு முந்தின நாள் தெரியறதைவிட இப்பவே தெரியறது நல்லது.

எக்ஸ்டர்னல் முன்னாடி ‘பத்து கேமுக்கு சப்போர்ட்’ என்று ஸ்லைடு காட்டுறதைவிட, உங்க எடிட்டரில் போட்ட ஒரு மேப்புக்குள்ள அவரையே நடக்க விடுங்க. மார்க் தானா நடந்து வரும்!