பத்து நாள் சிங்கப்பூர்... பி.காம்.காரருக்கு என்ன லாபம்?

டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் அந்த போஸ்டரை நீங்களும் பார்த்திருப்பீங்க. பின்னால மெரினா பே கட்டடம், முன்னால கோட் சூட்டில் நாலு பேர், ‘இன்டர்நேஷனல் எக்ஸ்போஷர் புரோகிராம், 10 நாள், சர்டிஃபிகேட் உண்டு’ என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் தொகை. பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிற உங்களில் பாதிப் பேர் ‘சூப்பர்டா, போலாம்!’ என்று குதிச்சிருப்பீங்க. மீதிப் பேர் அந்தப் பொடி எழுத்தைப் படிச்சுட்டுப் பேசாம கேன்டீன் பக்கம் நகர்ந்திருப்பீங்க. ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்துத்தான் இந்த வாரம்.

முதல்லயே ஒண்ணை உடைச்சுச் சொல்லிடறேன். அந்த சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பி ஃபிளைட் ஏறாதீங்க. இன்டர்வியூவில் எதிரே இருக்கிறவர் ரெஸ்யூமேயைப் பார்த்துட்டு, “ஓ, சிங்கப்பூர் போனீங்களா? என்ன கத்துக்கிட்டீங்க?” என்று கேட்பார். “ரொம்ப நீட்டா இருந்துச்சு சார், எல்லாரும் பங்ச்சுவல் சார்” என்று சொன்னால் கதை அங்கேயே முடிஞ்சது. சிங்கப்பூர் சுத்தமான ஊர்னு தெரிஞ்சுக்க இவ்வளவு செலவு பண்ணணுமா? லீவுக்கு வந்துட்டுப் போற பக்கத்து வீட்டு அண்ணனே சொல்லிடுவாரே!

அப்போ பிரயோஜனமே இல்லையா? நிச்சயமா இருக்கு. நமக்கு அத்துப்படியான ஒரு வியாபாரம், வேற சட்டதிட்டத்தோட இன்னொரு ஊர்ல எப்படி நடக்குதுன்னு நேர்ல பார்க்கிறோம் பாருங்க, அதுக்குப் பத்து நாள் தாராளம். பரோட்டாவையே எடுத்துக்குங்க.

சிரிக்காதீங்க. லிட்டில் இந்தியாவில் டெக்கா சென்டர்னு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் காய்கறி, மீன், கறி மார்க்கெட். இன்னொரு பக்கம் ஹாக்கர் சென்டர், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையா சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். அங்கே நம்ம பரோட்டாவுக்குப் பேர் ‘பிராட்டா’. அதே மைதா, அதே கல், அதே வீச்சு. ஆனா கடை மட்டும் நம்ம கடை மாதிரி இல்லை. நம்ம ஊர் பரோட்டாக் கடையில் யார் யாரெல்லாம் இருக்காங்க? மாஸ்டர், மாவு பிசையற பையன், இலை போடுறவர், சப்ளையர், மேசை துடைக்கிறவர், கல்லாவில் முதலாளி. மெனுவில் பரோட்டாவோட இட்லி, தோசை, ஆம்லெட், டீ எல்லாம் உண்டு. ஹாக்கர் சென்டரிலோ ஒரு கடைக்கு ரெண்டு மூணு பேர்தான். அயிட்டமும் கொஞ்சம்தான். டீ, காபிக்குத் தனிக் கடை. சப்ளையர் கிடையாது, நீங்களே வரிசையில் நின்னு வாங்கிக்கணும். மேசை எல்லாக் கடைக்கும் பொது. அதைத் துடைக்கிற செலவைக் கடைக்காரர்கள் பகிர்ந்துக்கறாங்க. சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கணும். 2021-லிருந்து இது சட்டமாகவே ஆயிடுச்சு. (இடம் பிடிக்க மேசை மேல ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வச்சுட்டுப் போறாங்க. நம்ம பஸ்ஸில் ஜன்னல் வழியா கர்ச்சீப் போடுறோமே, அதே டெக்னிக்!)

இப்போ காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தைத் திறங்க. நிலையான செலவு, மாறும் செலவு, பிரேக் ஈவன். வருஷக்கணக்கா மனப்பாடம் பண்ணி எழுதின அதே சங்கதிதான் அங்கே கண்ணு முன்னால நிக்குது. ஆள் கூலி அதிகமான ஊர்ல ஆளைக் குறைச்சாதான் பிழைக்க முடியும். அதனால சர்வரோட வேலை கஸ்டமர் தலையில். மேசை பொதுங்கிறதால கடைக்கு வாடகை கட்ட வேண்டிய இடமும் கொஞ்சம். மெனு சின்னதுங்கிறதால வீணாகிற சரக்கும் கம்மி. மதியம் ஒரு மணி நேரம் ஒரு கடை எதிரே உட்கார்ந்து எத்தனை தட்டு போகுதுன்னு எண்ணுங்க. விலைப் பலகையைப் பார்த்துப் பெருக்குங்க. கூட்டம் குறைஞ்சதும் கடைக்காரர்கிட்ட மெதுவா பேச்சுக் கொடுங்க. தமிழ் அங்கே நாலு ஆட்சி மொழிகளில் ஒண்ணு. டெக்காவில் பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். வாடகை, கரண்ட், சரக்கு பற்றி அவர் எவ்வளவு சொல்றாரோ அவ்வளவும் உங்க நோட்டுக்கு.

அப்புறம் இன்னொரு கேள்வி தானா வரும். இந்த ஏற்பாடெல்லாம் யார் பண்ணினது? ஒரு காலத்துல அங்கேயும் சாப்பாடு தெருவோரத் தள்ளுவண்டியில்தான் வித்தாங்க. 1970-கள், 80-களில் அரசாங்கம் கட்டடம் கட்டி, தண்ணீர், சாக்கடை வசதி கொடுத்து, அவங்களை உள்ளே கொண்டுவந்தது. அந்த ஹாக்கர் கலாசாரத்தை 2020-ல யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம்ம நாட்டிலோ சாலையோர வியாபாரிகளுக்குன்னு தனிச் சட்டம் 2014-ல வந்தது. அவங்க அதே தெருவிலேயே பிழைக்கிறதுக்குப் பாதுகாப்பு தர்ற சட்டம் அது. ரெண்டு வழி. ரெண்டுலயும் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இதைப் பத்தி இன்டர்வியூவில் அஞ்சு நிமிஷம் பேசிப் பாருங்க, எதிரே இருக்கிறவர் பேனாவைக் கீழே வச்சுட்டுக் கேட்பார்.

துறைமுகமும் அப்படித்தான். சிங்கப்பூரில் இறங்குற கன்டெய்னர்களில் பெரும்பாலானவை அந்த ஊருக்கு வந்த சரக்கே இல்லை. கப்பல் மாறிப் போறதுக்காக வந்தவை. 2022-ல முறைப்படி திறந்த துவாஸ் துறைமுகத்தில் டிரைவர் இல்லாத வண்டிகள் கன்டெய்னரைச் சுமந்து ஓடுது. தூத்துக்குடியில் ஏத்துற பெட்டி ஏன் சின்னக் கப்பலில் கொழும்பு போய்ப் பெரிய கப்பல் ஏறுதுன்னு யோசிச்சுட்டு அங்கே போனீங்கன்னா, கிரேனைப் பார்க்கிறதுக்கே அர்த்தம் வேற.

சரி, பணத்துக்கு வருவோம். தொகை ஒரு லட்சம்னு வச்சுக்குவோம். ஏற்பாட்டாளரிடம் நாள்வாரி டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்க. சென்டோசா, ஷாப்பிங், ‘ஃப்ரீ டைம்’ எல்லாத்தையும் பென்சிலால அடிங்க. மிச்சம் வகுப்பும் கம்பெனி விசிட்டும் 12 மணி நேரம் தேறினா, ஒரு மணி நேரத்துக்கு 8,333 ரூபாய். அந்த விலைக்கு அது தகுமா? ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டத்தில் 5 நாளிலிருந்து 30 நாள் வரைக்குமான குறுகிய படிப்புகள் இருக்கு. அதில் நேரில் போறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஆன்லைனில் சேர்ந்து வேலை பார்த்தாகணும், குறைஞ்சது 3 கிரெடிட் கொடுத்தாகணும். நீங்க போற புரோகிராமில் கிரெடிட் உண்டா? உங்க யுனிவர்சிட்டி அதை மார்க் ஷீட்டில் ஏத்துமா? வாய் வார்த்தை வேண்டாம், எழுத்தில் கேளுங்க. டைம்டேபிளே தராமல் மழுப்பினால், அது டூர். டூர் போறதில் தப்பே இல்லை, ஆனா வீட்டில் அதை ‘படிப்பு’ன்னு சொல்லிக் காசு வாங்காதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பல வீட்டில் இந்தக் காசு அம்மா கழுத்திலிருந்துதான் வருது. ஒரு லட்சத்துக்கு நகையை வச்சு, வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம்னாகூட மாசம் ஆயிரம் ரூபாய். உங்களுக்கு வேலை கிடைச்சு மீட்கிறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுன்னா வட்டி மட்டும் 24,000. “எல்லாரும் போறாங்கம்மா” என்கிற ஒரே வார்த்தையில் அவங்க கழட்டிக் கொடுத்துடுவாங்க. கணக்குப் போட வேண்டியது நீங்கதான். காமர்ஸ் படிக்கிறவங்களாச்சே! நகை வச்சுத்தான் போகணும்னா என் ஓட்டு ‘வேண்டாம்’. ஸ்காலர்ஷிப்போ, காலேஜ் பாதிச் செலவு ஏத்துக்கிற ஏற்பாடோ வந்தா, கண்ணை மூடிக்கிட்டு அப்ளை பண்ணுங்க.

போக முடியாதவங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க வேண்டாம். இந்த சனிக்கிழமை ராத்திரி உங்க தெரு முனைப் பரோட்டாக் கடைக்கு ஒரு நோட்டோட போங்க. எத்தனை ஆள், என்ன கூலி, எவ்வளவு மைதா, எத்தனை மணிக்குக் கூட்டம் வருது, சால்னாவை எதுக்கு இலவசமா ஊத்தறாங்க... எல்லாம் கேட்டு எழுதுங்க. போறவங்களும் இதை முடிச்சுட்டுத்தான் கிளம்பணும். நம்ம கடைக் கணக்குக் கையில் இல்லாமல் டெக்காவில் உட்கார்ந்து எதோட ஒப்பிடப் போறீங்க? பரோட்டா சூடா இருக்கும்போது மாஸ்டரைக் கேள்வி கேட்காதீங்க, பத்தரை மணிக்கு மேல கேளுங்க.